ஓடும்போதே சொருகியவர்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அமுதவள்ளியின் செல்போன் சர்வீஸ் கடையில், உடைந்த டிஸ்பிளேயை மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்போது கருத்தையா ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மிச்சமெல்லாம் ஒட்டுக்கேட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கரிசல் மண் வெடித்துக் கிடந்த ஒரு கோடையில்

(வேண்டாம். கடையில் ஏசி ஓடியது. வெடித்த மண்ணுக்கு அங்கே என்ன வேலை?)

2

கருத்தையா நூல் மில்லில் இருபத்தாறு வருஷமாக எலக்ட்ரீசியன். தை மாதம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், மச்சினன் எப்போதோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். நான்கு மாதம் பொத்தானை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரலுக்கு உயிர் வந்தது. நேற்று டி.வி.யில் படம் வழக்கம்போல வந்தது. ஜாய்ஸ்டிக் மட்டும் வேலை செய்யவில்லை.

அமுதவள்ளி பெட்டியைக் கழற்றி, ஜாய்ஸ்டிக் சொருகும் சின்ன போர்டில் மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

“ஃபியூஸ் போயிருக்கு அண்ணாச்சி. பெட்டி ஓடும்போதே ஜாய்ஸ்டிக்கப் புடுங்கிச் சொருகுனீங்களோ?”

“ஆமா. மில்லுல எந்த மிஷின நிறுத்திட்டு வேல பாக்கோம்? நிறுத்துனா சூப்பர்வைசர் கத்துவாம்லா.”

“இது மில்லு இல்ல அண்ணாச்சி.”

(இவரைக் கொஞ்சம் அப்பாவியாக எழுதலாமென்று பார்த்தேன். மனிதர் இடம் கொடுக்கவில்லை.)

3

அமுதவள்ளி கருகிய ஃபியூஸை எடுத்துவிட்டு, வேறொரு போர்டிலிருந்து அதே அளவில் ஒன்றைக் கழற்றினாள். அரிசி அளவுதான் இருக்கும். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னை எடுக்கப் போனவளைக் கருத்தையா தடுத்தார்.

“ஏம்மா, நான் வைக்கேன்.”

“சூடு கூடுனா போர்டுல இருக்க செம்பு உரிஞ்சிரும் அண்ணாச்சி. அப்புறம் பெட்டியத் தூக்கிப் போட வேண்டியதுதான்.”

“திங்கக்கிழம மில்லுல என் கையப் பாக்காவ. நடுங்குச்சுன்னா கேட்டுல வாட்ச்மேனா உக்காரச் சொல்லிருவாவ. இங்கன நடுங்காம வச்சுட்டேன்னா அங்கன பயமில்ல.”

இந்த இடத்தில் அமுதவள்ளி கண் கலங்கினாள் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவளுக்கு வந்தது எரிச்சல். “கெட்டுப்போச்சுன்னா என்னச் சொல்லக் கூடாது,” என்று அயர்னின் பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.

4

முடிவு அ: ஈயம் பளபளவென்று பிடித்துக்கொண்டது, கருத்தையா

முடிவு ஆ: செம்பு உரிந்து, அயர்ன் முனையோடு

இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டேன். மேலே எழுத எனக்கு உரிமையில்லை. அயர்னை வாங்கிய கருத்தையா, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சார், யாராச்சும் பாத்துக்கிட்டிருந்தா நடுங்குது. கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

அமுதவள்ளி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, என் போனைக் கையில் எடுத்தாள். நான் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.

நீங்களும்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். வாருங்கள், வெளியே நிற்போம்.