முன்னால் உட்கார்ந்தவன்

மதலைமுத்துவுக்குக் கடவுள் மூளையை அம்பாரமாகக் கொட்டிவிட்டார். எனக்குத் தலைதட்டித்தான் அளந்தார்.

மைசூர்க் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் தர்க்க வகுப்பு. ஒரு வாதத்தைக் கொடுத்து, அதில் சொல்லாமல் நம்பியிருப்பது என்ன என்று கேட்பார்கள். ‘சித்தையன் குடையோடு போகிறான், ஆகவே மழை வரும்.’ நான் விழித்தேன். மழைக்கு மட்டுமே குடை எடுப்பான் என்று நம்பிவிட்டார்கள், வெயிலுக்கும் எடுக்கலாமே என்றான் மதலைமுத்து. வாத்தியார் அவன் முதுகில் தட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

படிப்போடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். மண்டி மொஹல்லாவில் எங்கள் தெரு நர்ஸ் ரோசலினை நான் மனதில் வைத்திருந்தேன். அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. மாதா கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஞாயிறு பூசையில் அவள் முக்காட்டை ஒதுக்கி எங்கள் பக்கம் பார்ப்பாள். அங்கே மதலைமுத்து உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பின்னால் நான். அவள் பார்வை அவன்மேல் விழுவதைப் பார்த்துப் பார்த்து வெந்தேன். இதுவும் அவனுக்கா? கடைசியில், பொறுக்காமல் விடிகாலைப் பூசைக்கு மாறிவிட்டேன். வழியில் அவளைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில், பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார்; மூன்று ஞாயிறு இப்படி அறிவித்த பிறகுதான் தாலி. மணமகள் ரோசலின். மணமகன் மார்டள்ளி ஊர்க்காரன் ஒருவன்.

மதலைமுத்து இல்லை! சந்தோஷமா துக்கமா என்று தெரியாமல் அவன் வீட்டுக்கு ஓடினேன்.

“ஏமாந்துட்டியேடா!” என்றேன்.

“நானா? இஸ்ரவேலு, நீ என் பின்னால உக்காந்திருந்த வரைக்கும் அந்தப் பொண்ணு திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நீ வராமப் போனப்புறம் நான் அதே எடத்துலதான் இருக்கேன், ஒரு நாள்கூடத் திரும்பல. என்னைய ஏன் பாக்கப் போவுது மாராயா?”

கடைசி ஓலையன்று பழைய இடத்தில் போய் உட்கார்ந்தேன். மதலைமுத்து எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். ரோசலின் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மதலைமுத்துவின் பிடரிக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அவள் போனதுகூட ஆறிவிடும். அவள் யாரைப் பார்த்தாள் என்பதையும் அந்தப் பாவிதான் முதலில் கண்டுபிடித்தான்; அது ஆறாது.