இடது பக்கமே விழும் பூ

இந்தத் தடவையும் பூ இடது பக்கம்தான் விழுந்தது.

செல்லியம்மனின் இரண்டு தோள்களிலும் ஈரச் சந்தனத்தை அப்பி, தோளுக்கு ஒன்றாகச் செவ்வரளிப் பூவை ஒட்டி வைப்பார்கள். கேட்க வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து, மனசுக்குள் கேள்வியைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார்கள். அம்மனின் வலத்தோள் பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடத்தோள் பூ முந்திக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். ஆனந்தவல்லியின் குடும்பத்தில் பூ கேட்காமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

"அம்மா, இன்னொரு தடவை வெச்சுப் பாக்கலாமா?" என்றாள் மகள் குந்தவை.

"அவ வேண்டாங்கிறா. நீ அவகிட்டயே மல்லுக்கு நிக்கிறியா?" ஆனந்தவல்லி தேங்காய் மூடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுந்து நடந்தாள்.

இதற்கு முன் இரண்டு வரன்களுக்குப் பூ கேட்டு, இரண்டும் இடது பக்கம் விழுந்தபோது குந்தவை கருவறையைப் பார்த்துக் கண்ணடிக்காத குறைதான். இரண்டு பேரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்மன் தன் கட்சி என்றே நினைத்திருந்தாள். இப்போது வந்திருப்பவன் இனியவன். நாகப்பட்டினத்தில் பள்ளிக்கூட ஆசிரியர். திருப்பனந்தாளில் நடந்த சைவ சித்தாந்த வகுப்பில், குறிப்பெடுப்பதை விட்டுவிட்டு அவளோடு வாதம் பண்ணியே பழக்கமானவன். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போயிருந்தது. பூ ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

இனியவனிடம் போனில் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள். "ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்கக் கூடாது" என்றான்.

"கேளுங்க."

"முன்னாடி ரெண்டு தடவை அம்மன் சொன்னது சரி. இப்ப மட்டும் தப்புங்கிறீங்க. நம்புனா எல்லாத்தையும் நம்பணும், சந்தேகப்பட்டா எல்லாத்தையும் சந்தேகப்படணும் இல்லையா?"

"நீங்க யார் பக்கம்ங்க?"

"உங்க பக்கம்தான். ஆனா வாதத்துல ஓட்டை இருக்குல்ல?"

குந்தவை போனை வைத்துவிட்டாள். ஆனால் அவன் சொன்னது அவளை விடவில்லை. பிடித்த பதில் வந்தபோது ஏன் கேள்வி கேட்கவில்லை?

மறுநாள் காலை அவள் வேலை பார்க்கும் நெல் கொள்முதல் நிலையத்தில் தஹ்மீனா அக்கா சண்டைக்கு நின்றாள். குத்தகை நிலத்தில் சம்பா அறுத்து, முந்தின நாள் மதியத்துக்கு மேல் களத்தில் கொட்டி வைத்திருந்தாள். குந்தவை குவியலின் கிழக்குப் பக்கம் ஒரு பிடி எடுத்து ஈரப்பதக் கருவியில் போட்டால் ஈரம் கூடுதலாகக் காட்டுகிறது. மேற்குப் பக்கம் எடுத்துப் போட்டால் சரியாக இருக்கிறது.

"ஒரே வயலு, ஒரே அறுப்பு. உன் மெஷினுக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு!"

"மெஷின் சரியாத்தான் இருக்குக்கா. நேத்து சாயங்கால வெயில் முழுக்க இந்தப் பக்கம்தானே அடிச்சுது? அடிச்ச பக்கம் முதல்ல காய்ஞ்சிருக்கு. கிளறி விட்டீங்கன்னா..."

சொல்லிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?"

"அக்கா, நீங்க நெல்லைக் கிளறிக்கிட்டே இருங்க. சாயங்காலம் கட்டாயம் எடுத்துக்கிறேன்" என்றவள் அன்று வேலை முடிகிற வரை நாற்காலியில் நிலைகொள்ளவில்லை.

கோயில் நடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். பூசாரி அரசப்பன் சாவியோடு வந்தார்.

"மாமா, பூ கேட்டவங்களுக்கு எல்லாம் இப்ப எந்தப் பக்கம் விழுது?"

அவர் முகம் சுருங்கியது. "வெளியில சொல்லாத. போன ஆடியிலேர்ந்து ஊருக்கே இடதுதான். போர்வெல் போடவான்னு கேட்டா இடது. வெளிநாடு போவவான்னு கேட்டா இடது. அம்மாளுக்கு என்ன குறை வெச்சமோ, எனக்குச் சோறு எறங்கல."

"போன ஆடியில என்ன புதுசா வந்துச்சு?"

அரசப்பன் யோசித்தார். அவர் யோசித்து முடிக்கும் முன் குந்தவை கையை நீட்டிக் காட்டினாள். கருவறைக்குள், அம்மனின் இடப்பக்கச் சுவரில், அம்மன் முகம் பளிச்சென்று தெரிவதற்காக மாட்டிய ஹாலஜன் விளக்கு. கண்ணாடியின் மேல் சிவப்பு எழுத்து: 'உபயம்: செந்தில்குமார், சிங்கப்பூர்'. அவளுடைய சொந்த அண்ணன்.

"அது கிட்டப் போனா கன்னம் சுடும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க மாமா. சந்தனம் ஈரமா இருக்கற வரைக்கும்தான் பூவைப் புடிச்சுக்கும். காய்ஞ்சா விட்டுடும். விளக்கு ஒரு பக்கம் மட்டும் சுடுது. அப்ப எந்தப் பக்கம் முதல்ல காயும்?"

அரசப்பன் விளக்கைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். "இது உன் நெனப்பு. நெசமான்னு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். வகுப்பில் சொல்லித் தந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. ஒன்றை அறிய மூன்று வழிகள். கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது, அறிந்தவர் உரைப்பது. பூ விழுந்ததைக் காண்கிறோம். அம்மன் மறுக்கிறாள் என்று கருதுகிறோம். புகையைக் கண்டு நெருப்பு என்று கருதுவதைப்போல. ஆனால் தூரத்தில் தெரிவது புகைதானா, வெறும் மார்கழிப் பனியா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

"ஒண்ணும் கேக்காம பூ வைங்க மாமா. கேள்வியே இல்லாம பூ இடது பக்கம் விழுந்தா, அது எப்படிப் பதிலாகும்?"

"அம்மாளைச் சோதிக்கச் சொல்றியா?"

"சந்தனத்தைத்தான் சோதிக்கிறோம். தினமும் அலங்காரத்துக்குப் பூ வெக்கிறீங்கல்ல, அதுமாதிரி வைங்க."

அவர் சூடத்தைக் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பூ வைத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இடது பூ விழுந்தது. அரசப்பனே எழுந்து விளக்கைக் கழற்றி வலப்பக்கச் சுவரில் கட்டினார். பூ வலது பக்கம் விழுந்தது. "அடி ஆத்தி!" என்று தொடையில் தட்டினார். விளக்கை அணைத்துவிட்டு வைத்தார்கள், வலது விழுந்தது. மறுபடி வைத்தார்கள், இடது. இன்னொரு தடவை வைத்தார்கள், வலது. இந்தப் பக்கம்தான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

குந்தவைக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அரசப்பனோ தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இவ்வளவு நாளா அம்மா பேசவே இல்லியா?"

"நாமதான் லைனை பிஸியா வெச்சிருக்கோம் மாமா!"

விளக்குப் போட வந்த ஆனந்தவல்லி எல்லாவற்றையும் கேட்டாள். மகள் எதிர்பார்த்ததுபோல் அசந்துபோகவில்லை.

"சரி, லைட்டுதான் காய வெச்சுது. அந்த லைட்டு யாரு? தூணுலயும் துரும்புலயும் இருக்கறவ லைட்டுல இல்லியா? உங்க அண்ணன் கையால அதை அங்க மாட்ட வெச்சு, அவளே வேண்டாம்னு சொல்றான்னு நான் எடுத்துக்கிட்டா?"

அரசப்பன், "அதுவும் நியாயந்தானே" என்பதுபோல் குந்தவையைப் பார்த்தார். இனியவன் கேட்டால் என்ன சொல்வான் என்று அவள் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"லைட்டும் அவதான். ஒத்துக்கிறேன். சந்தனம் காயற விதியும் அவ வெச்சதுதான். ஆனா இந்த லைட்டு எரியறப்ப, உனக்கு உடம்பு நல்லா இருக்கட்டுமான்னு கேட்டாலும் இடது. ஊர்ல மழை பெய்யட்டுமான்னு கேட்டாலும் இடது. நீயே சொல்லும்மா, அம்மா அப்படிச் சொல்லுவாளா? என்ன கேட்டாலும் ஒரே பதில் வந்தா, நம்ம கேள்வி அங்க போய்ச் சேரலன்னுதானே அர்த்தம்?"

ஆனந்தவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மனையே பார்த்தாள். "மழை வேண்டாம்னு அவ சொல்ல மாட்டா" என்றாள் கடைசியில். "திரும்பக் கேப்போம். ஆனா ஒண்ணு. இடது விழுந்தா அதோட விட்டுடணும். அப்புறம் காத்து அடிச்சுது, எறும்பு தள்ளிச்சுன்னு வரக் கூடாது."

"சரிம்மா" என்றாள் குந்தவை.

அரசப்பன் புதிதாகச் சந்தனம் அரைத்தார். விளக்கு அணைந்திருந்தது. காற்று படாமலிருக்கக் கதவை ஒருக்களித்தார்கள். குத்துவிளக்கு மட்டும் நடுவில் எரிந்தது. பூ வைத்தாயிற்று. அதுவரை ஆட்டம்போல் இருந்தது எல்லாம் இப்போது நின்றுபோனது. கேள்வி ஒழுங்காகப் போகிறதா என்பதைச் சோதித்துக் காட்டலாம், அவள் காட்டிவிட்டாள். வருகிற பதில் அம்மனுடையது என்பதற்குச் சோதனை கிடையாது. அதை நம்பித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தப் பக்கம் விழுந்தாலும். குந்தவை கண்ணை மூடி, இனியவன் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

இடது பூ லேசாகச் சரிந்தது. ஆனந்தவல்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிந்த பூ அப்படியே நின்றது. வலத்தோள் பூ, யாரும் பார்க்காத நேரத்தில், சத்தமில்லாமல் அம்மன் மடியில் விழுந்தது.

"வலது!" என்று முதலில் கத்தியது ஆனந்தவல்லிதான்.

அரசப்பன் குங்குமத்தைக் கொடுத்துவிட்டு ஹாலஜனைக் கழற்றி வெளி மண்டபத்தில் வைத்தார். ஆடியிலிருந்து இடது விழுந்த எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்பி, திரும்பக் கேட்க வரச் சொன்னார். அன்று முதல் செல்லியம்மன் கோயிலில் பூ கேட்கும் முறை இதுதான்: கருவறைக்குள் ஒரு பக்கமாகச் சூடு தரும் விளக்கு எதுவும் கூடாது, ஒரே கலவைச் சந்தனத்தை இரண்டு தோளுக்கும் ஒரே அளவாக வைக்க வேண்டும், கேட்பதற்கு முன்னால், கேள்வி இல்லாமல் சில தடவை பூ வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.