கோப்பை அலமாரியில் ஆமை

ஆமைக்கும் சளி பிடிக்கும் என்று நாற்பத்திரண்டு வயதுவரை ஷுக்ரிக்கு யாரும் சொன்னதில்லை. உம்தாவின் மூக்கில் குமிழி வந்து உடைந்ததைப் பார்த்ததும் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உம்தா என்றால் ஊர்த்தலைவர். ஷுக்ரியின் அப்பா வைத்த பெயர். நகரத்தின் ஷுப்ரா பேட்டையில் இருந்த அவர்களுடைய பழைய வீட்டு மொட்டைமாடியில் முப்பது வருஷம் ராஜாவாகத் திரிந்த ஆமை அது. வெயில் காய்ந்தது, தக்காளித் தோல் தின்றது, குளிர் வந்தால் புறாக்கூண்டுக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு தூங்கியது. அந்த வீட்டை இடித்தார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது இந்த ஆமை ஒன்றுதான். இப்போது கெய்ரோவின் ஓரத்தில், ஆறாவது மாடி ஃபிளாட்டின் ஜில்லிட்ட தரையில், போகிற இடம் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்றரை மீட்டர் நீளமாவது இடம் வேண்டும், அதன் சுவர் வழியாக ஆமைக்கு வெளியே தெரியக்கூடாது, காய்ந்த மண் போட்டு ஒரு மூலையை விளக்குக் கட்டிச் சூடாக வைக்கவேண்டும், மதியம் பால்கனி வெயிலில் விடவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குளிரைத் தாண்டாது. கடையில் ஆமைக்கூண்டின் விலையைக் கேட்டதும் ஷுக்ரி வந்த வழியே திரும்பிவிட்டான்.

வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்ப்பது அவன் வேலை. போன வீட்டிலெல்லாம் ஆமைக் கதையை எடுத்துவிட்டான். மீட்டர் பார்க்க வந்தாயா, யோசனை கேட்க வந்தாயா என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்கட்டும், அவருக்கென்ன போச்சு.

பழக்கடை அட்டைப்பெட்டி முதல் நாளே மூத்திரத்தில் ஊறி அடி கழன்றது. உம்தாவை ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து இழுத்தெடுக்கவேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் சும்மா கொடுத்த மீன்தொட்டியில் விட்டால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போயே தீருவேன் என்று காலையிலிருந்து மாலைவரை முட்டியது. டக், டக், டக். ஷுக்ரிக்கு மண்டை வெடித்தது. கடைசியில் துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் மண் நிரப்பி, கோழிக்குஞ்சு விற்கிறவனிடம் வாங்கிய சிவப்புச் சூட்டு விளக்கைக் கட்டினான். ஒரு மணி நேரத்தில் விளிம்பு உருகி வீடெல்லாம் நாற்றம். நல்லவேளை, ஆமை மறுமூலையில் இருந்தது. அவன் மனைவி ராவியா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

உம்தா தீனியைத் தொட்டு அன்றோடு மூன்று நாள். கண்ணும் திறக்கவில்லை.

"சாகறதுக்குன்னே என் தலையில வந்து விழுந்தியா?" என்று அதைத் திட்டினான். திட்டி முடித்ததும் சட்டை நுனியால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டான்.

அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரே நின்றது நீஷ். கெய்ரோவில் மாப்பிள்ளை இல்லாமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், நீஷ் இல்லாமல் நடக்காது. கண்ணாடிக் கதவு போட்ட அந்தப் பெரிய அலமாரியில் ராவியாவின் அம்மா அடுக்கிவைத்த பீங்கான் கோப்பைகள் பதினோரு வருஷத்தில் ஒரு வாய் டீயைக் கண்டதில்லை. கதவையும் தட்டுகளையும் கழற்றி மல்லாக்கப் படுக்கவைத்தால் இரண்டு மீட்டர் நீளம், நாலு பக்கமும் மரச்சுவர். மருத்துவர் கேட்டது அத்தனையும் இங்கேயே நின்றுகொண்டிருந்தது. தொட முடியுமா? கல்யாணத்தின்போது பெண்வீட்டுச் சாமான் பட்டியலில் அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். ஒரு ஸ்பூன் குறைந்தாலும் மாமியார் கோர்ட்டுக்கு இழுக்கலாம். இழுக்கக்கூடியவள்தான்; அந்தக் காகிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு நடமாடுகிறாள்.

"அதைத்தானே பாக்கற?" என்றாள் ராவியா பின்னாலிருந்து.

இல்லை, சும்மா, என்று அவன் மென்று விழுங்கினான்.

"டாக்டர்கிட்ட கேட்ட. மீட்டர் பாக்கப் போன வீட்லயெல்லாம் கேட்ட. கோழிக்குஞ்சு விக்கறவனையும் விடல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, ஷுக்ரி?"

"உங்கம்மா..."

"அம்மாவா இங்க குடும்பம் நடத்தறாங்க? இதைத் தொடச்சுத் தொடச்சு என் கைதான் தேஞ்சு போச்சு. அந்தப் பக்கம் பிடி."

கோப்பைகளைக் கட்டிலில் பரப்பினார்கள். கதவுத் திருகாணி லேசில் வரவில்லை. ஷுக்ரி விரலைக் குத்திக்கொண்டு, அதைச் செய்த தச்சனை ஏழு தலைமுறைக்குத் திட்டினான். அலமாரி தரையில் சாய்ந்த சத்தத்துக்குப் பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டினார். அவருக்கும் இரண்டு வசவு கிடைத்தது. அலமாரிக்குள் போட்ட பழைய பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மண்ணைக் கொட்டி, மரத்தில் படாமல் ஒரு முழம் தள்ளி விளக்கைக் கம்பியில் கட்டினான். உம்தாவை அதன் அடியில் வைத்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கண் திறந்தது. கழுத்து வெளியே வந்தது. ராவியா நீட்டிய கீரையை ஒரு கடி கடித்தது.

ஷுக்ரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாப்பிடுகிறது பார், சாப்பிடுகிறது பார் என்று நாலு தடவை சொன்னான்.

"போன குளிர்ல ஒரு மாசம் இருமிக்கிட்டே கெடந்தேன்" என்றாள் ராவியா. குரலில் சண்டை இல்லை. "ஒரு ஹீட்டர் வாங்கலாமான்னு கேட்டேன். குளிர் தானா போயிடும்னு சொன்ன."

சொன்னான்தான். நன்றாக நினைவிருந்தது. அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அவள் மண்டியிட்டு, தோல் வெடித்த இரண்டு கைகளையும் விளக்கின் அடியில் நீட்டினாள்.

"கொஞ்சம் நகரு" என்றாள் ஆமையிடம்.