ஆடை எடுத்த பால்

ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம். அதற்குள் உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று ஆகிவிட்டது. எண்ணெய் எதிரி, வெண்ணெய் பரம எதிரி. செல்போனில் எவனோ சொன்னதை வீட்டில் வந்து அப்படியே ஒப்பிப்பேன். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. அண்ணிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட். எனக்கு ஜிம் சாயங்காலம்தான். அதனால் அடுப்பும் குழந்தையும் என் பொறுப்பு. ராத்திரிச் சாப்பாட்டையும் நானே செய்து மூடி வைத்துவிட்டுப் போவேன்.

குழந்தைக்கு ஒரு வயது நாலு மாதம். உப்பின கன்னம், தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. எல்லோருக்கும் அவள் பூசணி. எடை குறைக்க வந்து மூச்சிரைக்க நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கிறவன் நான். இவளும் அப்படி ஆகிவிட்டால்? இப்போதே கவனித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பாலைக் காய்ச்சி ஆறவைத்து, மேலே படிந்த ஆடையை வழித்தெடுப்பேன். மறுபடி காய்ச்சி மறுபடி வழிப்பேன். முட்டையில் வெள்ளை மட்டும் அவளுக்கு, மஞ்சள் கரு குப்பைக்கு. மசித்த உருளைக்கிழங்கில் அண்ணி போடச் சொன்ன வெண்ணெய்க்குப் பதிலாக வெந்நீர். பால் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கிறது என்று அண்ணி ஒரு நாள் கேட்டாள். இப்போதெல்லாம் பாலே இப்படித்தான் வருகிறது என்று கூசாமல் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் பூசணி என்ற பெயர் கேலி மாதிரி ஆகிவிட்டது. எதற்கெடுத்தாலும் சிணுங்கினாள். போன வாரம் அண்ணன் போனில் அண்ணியைப் பிடித்துக்கொண்டான். "புள்ளைய விட்டுட்டு மிஷினக் கட்டிட்டு அழு. இளைக்காம என்ன பண்ணும்?" நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் எடை பார்த்து அட்டையில் புள்ளி வைத்தார். ஏறிக்கொண்டே வந்த கோடு படுத்து, இந்த மாதம் கீழே இறங்கியிருந்தது. டாக்டரம்மா என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பால், முட்டை, வெண்ணெய் போட்ட கிழங்கு என்று அண்ணி வரிசையாகச் சொல்லிவிட்டு என்னைக் காட்டினாள்.

"எல்லாம் இவன்தான் டாக்டர். நான் பெத்ததோட சரி, இவன்தான் அம்மா."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். இவ்வளவு சாப்பிட்டும் இறங்குகிறது என்றால் வேறு ஏதாவது இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

அந்த நிமிஷமே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நர்ஸ் அங்கேயே ஊசியோடு வர, அண்ணி குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது குத்தில் பூசணி கத்தின கத்தலில் வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்துக் கை நீட்டினாள், தூக்கச் சொல்லி. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"டாக்டர், அவளுக்கு வியாதி ஒண்ணும் இல்ல. நான்தான். பால்ல ஆடைய எடுத்துடுவேன். மஞ்சக் கரு, வெண்ணெய் எதுவும் குடுக்கல. ரெண்டு மாசமா."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இந்த வயசுல மூளை வளர்ற வேகத்துக்குக் கொழுப்பு வேணும்பா. சில வைட்டமின் கொழுப்பு இல்லாம உடம்புல சேரவே சேராது. உனக்கே அது வேணும். எந்தக் கொழுப்பு, எவ்வளவுன்னுதான் பாக்கணும், அடியோட நிறுத்தக் கூடாது. இவளுக்கு நீ கணக்கே பாக்காத."

எடை திரும்ப ஏறிவிடும், ரிப்போர்ட்டையும் பார்த்துவிடலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அண்ணியிடம் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் அண்ணி என்னை விட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவளே கிழங்கை வேகவைத்து, வெண்ணெயை ஒரு கரண்டி நிறையப் போட்டு மசித்தாள். பூசணியை மடியில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தாள். "உங்க அண்ணனுக்கு நீயே போன் போடு. ஸ்பீக்கர்ல."

போட்டேன். எடுத்ததுமே, "என்ன சார், பூசணி எத்தன கிலோ?" என்றான் அண்ணன்.

"அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்து."

நிறுத்தினான். சொன்னேன். ஒன்றையும் விடாமல், அண்ணியிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பக்கம் இன்ஜின் அணைந்தது. ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவகிட்ட குடு," என்றான். குரல் இறங்கியிருந்தது.

அண்ணி திரும்பவில்லை. "புள்ளைக்கு ஊட்டுறேன்னு சொல்லு."

சொன்னேன். அண்ணன் லைனைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. போனை நீட்டிப் பிடித்தபடியே நின்றேன். அண்ணி ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் அவசரப்படவே இல்லை.