முனாப்பின் வயர்

துறைமுகத்துக் கப்பல் கம்பெனியில் டெலிபோன் திருத்துகிறவன் மஹ்ரூப். வயர்களின் படமொன்று கீறித் தரும்படி மனேஜர் கிறிஸ்தோபர் அவனைக் கேட்காத மாதமில்லை.

"எல்லாம் என்ர மண்டைக்குள்ள கிடக்கு சேர்" என்பான். கிடந்தது உண்மைதான். எந்த வயர் எந்த மேசைக்குப் போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். படத்தைக் கொடுத்துவிட்டால் பிறகு தன்னை யார் தேடப்போகிறார்கள் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. பிழைக்கத் தெரிந்த மனுசன்!

அந்தப் பிழைப்பே காலைப் பிடித்து இழுத்தது. ஜித்தாவில் நல்ல வேலை கிடைத்து, விசாவும் வந்து, மனைவி ஜெமீலா ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் கம்பெனியின் விடுவிப்புக் கடிதத்தைக் காட்டினால்தான் ஏஜென்சிக்காரன் டிக்கெட் கொடுப்பான்.

"படத்தைத் தாங்க, கடிதத்தை எடுங்க" என்றார் கிறிஸ்தோபர். "உங்கட மண்டையையும் ஜித்தாவுக்குக் கொண்டுபோனா நான் ஆரிட்டக் கேக்கிறது?"

மஹ்ரூப் குந்தியிருந்து கீறினான். வடிவான படம். நிறத்துக்கு நிறம் கோடு, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் பென்சிலால் பெயர். கிறிஸ்தோபர் லேசுப்பட்ட ஆளா? வயர்களெல்லாம் வந்து சேரும் பெட்டிக்குள் ஒன்றைக் கழற்றிவிட்டு, மஹ்ரூப்பின் இடத்துக்கு வந்திருந்த புது ஆள் மைக்கலைக் கூப்பிட்டார்.

"தராசுக் கொட்டில் போன் வேலை செய்யேல்ல. படத்தைப் பாத்துத் திருத்தும். மஹ்ரூப், நீங்க வாய் திறக்கப்படாது."

மைக்கல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தராசுக் கொட்டில் என்று எங்கேயும் இல்லை. பக்கீர் இருந்தார், ஸெய்னுதீன் இருந்தார், முனாப் இருந்தார்.

"மஹ்ரூப் நானா, முனாப் ஆரு?"

முனாப் அந்தக் கொட்டிலில் இருந்த கிளாக்கர். வேலையை விட்டுக் கிண்ணியாவில் கடை போட்டு வருசக்கணக்காகிறது. ஆனாலும் அங்கே மணியடித்தால், டைப் அடிக்கிற மாகிரட் முதல் பழைய ஆட்கள் அத்தனைபேரும் "முனாப்பிட போன் அடிக்குது" என்றுதான் சொல்வார்கள். மஹ்ரூப்பும் அப்படியே எழுதி வைத்திருந்தான்.

கிறிஸ்தோபர் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

மஹ்ரூப்புக்கு அழுகையே வந்துவிட்டது. நாளைக்குக் கடிதத்தோடு போய் நிற்காவிட்டால் ஏஜென்சிக்காரன் வேறொருவனை ஏற்றி அனுப்பிவிடுவான். ஆத்திரத்தோடு றப்பரை எடுத்தான். பக்கீர் அழிந்து 'பெரிய ஸ்டோர், வாசல் மேசை' வந்தது. ஸெய்னுதீன் அழிந்து 'காவல் அறை' வந்தது. முனாப்பும் போய்ச் சேர்ந்து 'தராசுக் கொட்டில்' வந்தது. கடைசியாக மிஞ்சிய கோட்டின் நுனியில் 'மஹ்ரூப்' என்றிருந்தது.

போகத்தானே இவ்வளவு பாடும்? இருந்தும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தேய்த்து அழித்து, தூளை ஊதிவிட்டு, 'திருத்தும் அறை' என்று எழுதினான்.

கிறிஸ்தோபர் இந்த முறை கழற்றியது அந்த வயரைத்தான். மைக்கல் படத்தில் விரலை ஓட்டினான், பெட்டிக்குள் கையை விட்டான், கழன்ற வயரைப் பூட்டினான். கிறிஸ்தோபர் தன் மேசையிலிருந்து நம்பரைச் சுழற்ற, திருத்தும் அறையில் மணி கணீரென்று அடித்தது. அவர் லாச்சியைத் திறந்து கடிதத்தை நீட்டினார்.

மஹ்ரூப் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கும்போது, பக்கத்து அறையிலிருந்து மாகிரட் சத்தம் போட்டாள்.

"மஹ்ரூப்பிட போன் அடிக்குது! ஆராவது எடுங்கோவன்!"

மைக்கல் ஓடிப்போய் எடுத்தான்.