திறக்காத மூடி

கழிவுநீர் லாரியில் வேலை செய்பவளைக் கண்டால் முகம் சுளிக்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. ஆனால் அந்த லாரி நாறியது என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை. கணவன் லாரியை ஓட்டுவான். குழாயைப் பிடிப்பதும் தொட்டியின் மேல்மூடியைக் கவனிப்பதும் அவள் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் உறிஞ்சி முடித்ததும் குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவுவாள். மூடியின் விளிம்பில் ஈரச்சாக்கைச் சுற்றி, நான்கு திருகையும் இறுக்கிய பிறகுதான் லாரி நகரும். அதனால் ஊர் அவளுக்குச் ‘சோப்பு’ என்று பெயர் வைத்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். அவளுக்கு உள்ளூரப் பெருமை.

முழு சூரிய கிரகணம் அந்த ஊருக்கு நேர்மேலே தெரியும் என்று யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதோடு ஊர் ஊராக இல்லை. முந்நூறு வீடு இருக்கிற இடத்தில் மூன்று நாளாகப் பத்தாயிரம் பேர். எள் போட்டால் எள் விழாது. வானத்தைப் பார்க்க வந்தவர்கள் தரையைப் பார்க்கவே இல்லை. வேலியோரம், பஸ் நிறுத்தத்தின் பின்புறம், தபால் ஆபீஸ் சுவர் என்று ஓரிடம் பாக்கியில்லை. போய்விட்டு ஈரக் காகிதத்தை அங்கேயே போட்டார்கள். கிரகணத்துக்கு முந்தின நாள் காலை சோப்பு கதவைத் திறந்தபோது, செருப்பு விடும் இடத்தில் யாரோ ஒரு குழந்தையின் அழுக்கு டயப்பரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நன்றாகச் சுருட்டி, ஒட்டி, செருப்புக்குப் பக்கத்தில் வரிசையாக. அந்த ஒழுங்கைப் பார்த்ததும்தான் அவளுக்குக் குமட்டியது.

இவர்களுக்காக ஊர்த்தலைவர் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைகளைத் திறந்துவிட்டிருந்தார். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு வெட்டிய குழி அது.

கிரகணத்தன்று காலை பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் நாத்தனார் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அண்ணி, குழி பொங்கிடுச்சு. கிணத்துப் பக்கமா ஓடுது.”

“கதவைப் பூட்டேன்டி.”

“பூட்டினேன். உடைச்சிட்டு உள்ளே உட்கார்ந்திருக்காங்க. நான் வெளிய நின்னு கத்தினா, உள்ளேருந்து ஒரு அம்மா தண்ணி கொண்டுவான்னு எனக்கே வேலை சொல்றா.”

பள்ளிக்கூடத்தின் பின்னால் சரிவில் இருந்தது கிணறு. ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். கிணற்றுக் கட்டு ஒரு பக்கம் இடிந்து தரையோடு தரையாகக் கிடந்தது. கட்டித் தருகிறேன் என்று தலைவர் சொல்லி இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தப் பக்கமாகத்தான் கறுப்புத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கியது.

நாத்தனார் மண்மூட்டைகளை இழுத்துப் போட்டு அணை கட்டினாள். லாரி ஒரு தொட்டி உறிஞ்சி நிறைந்தும் குழி பாதிகூட இறங்கவில்லை. ஊருக்கு வெளியே மூன்று கிலோமீட்டர் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்.

“இந்த மூட்டை ஒரு மணி நேரம் தாங்கும்” என்றாள் நாத்தனார். “அதுக்கு மேல நான்தான் குறுக்கே படுக்கணும்.”

சோப்பு வழக்கம்போல மூடியை இறுக்கினாள். லாரி கடைத்தெரு முனையில் நின்றுவிட்டது. ரோடு முழுக்க மடக்கு நாற்காலி, பாய், கேமரா வைத்த முக்காலி. கணவன் ஹார்ன் அடித்து ஓய்ந்தான். ஒருவரும் அசையவில்லை. சோப்பு இறங்கி, நடுரோட்டில் நாற்காலி போட்டிருந்த தொப்பிக்காரரிடம் போனாள்.

“சார், கொஞ்சம் நகர்ந்துக்கோங்க. நாங்க போயிட்டு வரலைன்னா குடிக்கிற கிணத்துல சாக்கடை கலந்துடும்.”

“இன்னும் இருபது நிமிஷம்தான். முடிஞ்சதும் போங்க.”

“அப்புறம் போயிட்டுத் திரும்பறதுக்குள்ள கலந்துடும் சார்.”

“இன்னைக்கு ஒரு நாள் பாட்டில் தண்ணி குடிங்களேன்.”

“நாளைக்கு நீங்க போயிடுவீங்க. நாங்க அதைத்தானே குடிக்கணும்?”

அவர் லாரியைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் ‘கழிவுநீர்’ என்று எழுதியிருந்ததைப் படித்தார். உடனே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். “முதல்ல தள்ளி நில்லும்மா. நாறுது.”

நாறவில்லை. அது அவளுக்குத் தெரியும். நான்கு திருகும் இறுக்கமாக இருந்தன, சாக்கு ஈரமாக இருந்தது. மூன்று நாளாக ஊரை நாறடித்தவன், நாறாத லாரியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறான்.

அவள் பின்பக்க ஏணியில் ஏறினாள். சாக்கை உருவி எறிந்தாள். ஒரு திருகு, இரண்டு, மூன்று, நான்கு.

“என்னடி பண்றே?” என்று கணவன் தலையை வெளியே நீட்டினான்.

“நீங்க கியரைப் போடுங்க.”

மூடி திறந்தது.

முதலில் தொப்பிக்காரர் எழுந்தார். பிறகு நாற்காலிகள் தானாக மடங்கின. பாய்கள் சுருண்டன. சிலர் வாந்தி எடுத்தார்கள், பலர் அவளுடைய தாயையும் பாட்டனையும் திட்டினார்கள். அவளும் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தலைத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டாள். லாரி நகர நகரக் கூட்டம் வழி விட்டது.

பாதி வழியில் இருட்டியது. கணவன் விளக்கைப் போட்டான். “லைட்டை அணைடா” என்று நாலாபக்கமும் கூச்சல். அணைக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் மூக்கைப் பிடித்தபடி அண்ணாந்து நின்ற முகங்களைத்தான் சோப்பு பார்த்தாள். மேலே பார்க்கத் தோன்றவில்லை.

கொட்டிவிட்டுத் திரும்பும்போதும் மூடியைத் திறந்தே வைத்தாள். வழி கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு மூட்டை சரிந்திருந்தது. கறுப்புத் தண்ணீர் இடிந்த கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நாத்தனார் முழங்கால் வரை அதில் நின்று மண்வெட்டியால் தடுத்துக்கொண்டிருந்தாள்.

“வந்தியா அண்ணி. இன்னும் கொஞ்சம் போனா நீச்சல் கத்துக்கிட்டிருப்பேன்.”

இரண்டாவது தொட்டியில் குழி இறங்கியது.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு ஊர்த்தலைவர் வந்து நாலடி தள்ளியே நின்றார். சோப்பு லாரியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“வந்தவங்க ரொம்ப வருத்தப்பட்டுட்டாங்க. வேணும்னே திறந்தியாமே? ஊர் பேரு என்ன ஆகிறது? ஒரு வார்த்தை மன்னிப்பு எழுதிக் கொடுத்துடு.”

சோப்பு கையைக் கழுவினாள். கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரை ஒரு டம்ளரில் மொண்டு நீட்டினாள். தலைவர் வாங்கினார், முகர்ந்தார், அவள் கையைப் பார்த்தார், குடிக்காமல் படியில் வைத்தார்.

“தாகம் இல்லையாம்” என்று நாத்தனார் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். “சுத்தமா இருக்கு அண்ணி.”

சோப்பு ஏணியில் ஏறி, மூடியின் விளிம்பில் புதுச்சாக்கைச் சுற்றினாள்.

“ரெண்டு நாள்ல கிணத்துக் கட்டைக் கட்டிடுங்க” என்றாள் தலைவரிடம். “இல்லைன்னா லாரியைக் கொண்டுவந்து உங்க வாசல்ல நிறுத்துவேன்.”

“மிரட்டுறியா?”

அவள் மூன்று திருகை இறுக்கிவிட்டு, நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

மறுநாள் காலை சிமென்ட் மூட்டை வந்து இறங்கியது.