பிசிறு இல்லாத தையல்

பனியனில் அரை அங்குல நூல் நீட்டிக்கொண்டிருந்தால் நல்லானுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அருள்புரம் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அவர்தான் செக்கிங் சூப்பர்வைசர். அப்படி நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிக்குப் பிசிறு என்று பெயர். அதைக் கத்தரிப்பது மருதாளின் வேலை. அந்த வருஷம் டாலர் சரிந்து, கம்பெனிகள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு பீஸில் பிசிறு கண்ணில் பட்டால் கேட்டைப் பார்த்து நடக்கலாம் என்று நல்லான் அவளிடம் சொல்லி வைத்திருந்தார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அப்பேர்ப்பட்ட நல்லான், இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறவனுக்குத் துணி வெட்டக் கற்றுக்கொடுக்கப் போய், கட்டிங் மெஷினில் இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு மருதாள்தான் துணியைச் சுற்றி, கையை அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஏழு தையல் போட்டார். போட்டுக்கொண்டே பொறுமையாக விளக்கினார். இந்த நூலுக்கு மேல் பூச்சு இருக்கிறது, அதனால் சதையை அறுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பூச்சில் இருக்கும் மருந்து சீழ் பிடிக்காமல் காக்கும். புண் நன்றாக ஆறும். ஆனால் வழுக்குகிற நூலில் முடிச்சும் வழுக்கும். அதற்காகத்தான் முடிச்சுமேல் முடிச்சு போட்டு நுனியை நீளமாக விட்டிருக்கிறேன், நான் பிரிக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்றார். மருதாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நல்லான் தையலை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள், பையர் என்று அவர்கள் சொல்லும், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் பார்வையிட வருவதாக இருந்தது. காலையிலேயே நல்லான் செக்கிங் டேபிளில் உட்கார்ந்து கைக்கட்டைப் பிரித்தார். டியூப்லைட்டுக்குக் கீழே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் ஒரே அளவாக இல்லையாம். நுனியெல்லாம் எலி மீசை மாதிரி நிற்கிறதாம். இந்த லட்சணத்தில் தைக்கிறவனை அவர் டெய்லராகக்கூடச் சேர்க்கமாட்டாராம்.

"பையர் முன்னாடி இந்தக் கையோட நின்னா என்ர மானம் போயிரும். மருதா, இதைக் கொஞ்சம் ஒட்ட வெட்டியுடு."

"டாக்டரு தொடவே கூடாதுன்னாருங்க. முடிச்சு நழுவிருமுங்க."

"அந்தாளு ஒரு நாளைக்கு எத்தன தைப்பாரு? நான் ஐயாயிரம் பீஸ் பாக்கறவன். வெட்டறயா, கேட்டுக்குப் போறயா?"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. கத்தரியை எடுத்தாள். பதினாலு நுனி. அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, முடிச்சோடு ஒட்டி, சுத்தமாக வெட்டினாள். பரவாயில்லை, வேலை கற்றுக்கொண்டுவிட்டாய் என்றார் நல்லான். ஆறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது.

பையரின் ஆள் வந்து உட்கார்ந்தார். வெள்ளை பனியன் ஒன்றின் கழுத்தை இரண்டு கையாலும் இழுத்து, தையல் விடாது என்று காட்டுவது நல்லானின் வழக்கம். அன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பனியன் தையல் அசையவில்லை. உள்ளங்கைத் தையல்தான் ஒவ்வொரு முடிச்சாக நழுவி வாயைத் திறந்தது. கழுத்துப்பட்டியில் ரத்தம் பரவ, வந்தவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

முதலாளி ராசப்பன் ஓடிவந்தார். யார் நூலை வெட்டியது என்று கேட்டார். நல்லான் நல்ல கையை நீட்டி மருதாளைக் காட்டினார். புத்தியில்லாமல் வெட்டிவிட்டாள் என்றார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று ராசப்பன் அவளையே அதட்டினார்.

சுற்றி நின்ற முப்பது பேரும் ரத்தத்தைப் பார்த்தார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை.

"சொன்னேனுங்க மொதலாளி. சொன்னதுக்குக் கேட்டுக்குப் போன்னாருங்க. இப்ப நான் கேட்டுக்குப் போகட்டுங்களா, இல்ல அவரு கையப் புடிக்கட்டுங்களா?"

ராசப்பன் நல்லானைப் பார்த்தார். நல்லான் யாரையும் பார்க்காமல், சொட்டிக்கொண்டிருந்த கையை மருதாளிடம் நீட்டினார்.